பத்து, பன்னிரண்டு, பதினான்கு: ஸ்பேனர் எண்களின் வரலாறு

‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று சொல்லாத தமிழர் குறைவு. பித்தைக் குறிக்க நாம் எடுத்தாளும் இந்த உருவகம் பட்டறையிலிருந்து வந்தது. திருகாணியின் உடலில் சுற்றிச் சுற்றி ஏறும் வரிப்பள்ளத்திற்கு மரை என்று பெயர். அது தேய்ந்துவிட்டால் ஆணி சுழலும், ஆனால் பிடிக்காது. மனத்திற்கு இதைவிடப் பொருத்தமான உவமை அரிது. உவமையை இவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்ட நாம், உவமேயத்திற்கு வழி தந்த அந்தப் பொருளின் வரலாற்றை எழுதிவைத்திருக்கிறோமா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. சிற்றிதழ்ப் பரப்பில் ஓவியத்திற்கும் சினிமாவிற்கும் கட்டுரைகள் உண்டு. கருவிகளுக்கு இல்லை.

சொந்தமாகக் கார் வைத்திருக்கும் பேராசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: “வீட்டிலேயே சின்னச் சின்ன வேலைகளைச் செய்துகொள்ள நல்ல ஸ்பேனர் செட் ஒன்று வாங்க வேண்டும். கடையில் ஆறு துண்டும் இருக்கிறது, நூற்றெட்டுத் துண்டும் இருக்கிறது. கொடுக்கும் பணத்திற்குத் தகுந்தது எது ஐயா?” எளிய கேள்விதான். ஆனால் அதற்கு நேர்மையாக விடை சொல்ல முயன்றால் 1841ஆம் ஆண்டு மான்செஸ்டருக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்பேனரின் மீது பொறித்திருக்கும் ‘12’ என்ற எண் வெறும் அளவன்று. பேரரசுகளும் போர்களும் ஒப்பந்தங்களும் அதில் உறைந்து கிடக்கின்றன. அவற்றை அறிந்தவர் குறைந்த செலவில் நல்ல தொகுதியை வாங்குவார். அறியாதவர் பெட்டியின் பளபளப்பை வாங்குவார்.

1. துப்பாக்கியிலிருந்து வந்த சொல்

‘ஸ்பேனர்’ என்ற சொல் ஜெர்மானிய மூலம் உடையது. ‘ஷ்பானன்’ என்றால் இழுத்து முறுக்கேற்றுதல். பதினேழாம் நூற்றாண்டில் சக்கர விசைத் துப்பாக்கிகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றின் வில்சுருளை முறுக்கி ஏற்றுவதற்குத் தனியாக ஒரு சிறு சாவி வேண்டும். அந்தச் சாவிக்குத்தான் முதலில் இப்பெயர். ஆக, இன்று கார் சக்கரத்தைக் கழற்றும் கருவியின் பெயர் போர்க்களத்தில் பிறந்தது. அமெரிக்கர் இதே கருவியை ‘ரெஞ்ச்’ என்பர். நம் ஊர்ப் பட்டறைகளில் இரண்டு சொற்களும் வாழ்கின்றன. ஆனால் ‘பைப் ரெஞ்ச்’ குழாய்க்காரரிடம் இருக்கிறது, ‘ஸ்பேனர்’ மெக்கானிக்கிடம் இருக்கிறது. இரவல் சொற்களையும் வேலைப் பிரிவினைப்படி பங்கிட்டுக்கொள்வது மொழியின் இயல்பு போலும்.

தொழிற்புரட்சிக்கு முன் மரையாணி ஒவ்வொன்றும் தனிப்பிறவி. கைவினைஞர் ஒருவர் ஒரு போல்ட்டைக் கடைந்து, அதற்கென்றே ஒரு நட்டைக் கடைவார். இந்த நட்டு வேறு போல்ட்டில் ஏறாது. ஓர் இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்த போல்ட்டிற்கு உரியது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் துல்லியமாக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். ஒரே மாதிரியான மரையை மீண்டும் மீண்டும் வெட்டுவது அதனால் இயன்றது. ஆனால் மாட்ஸ்லி பட்டறையின் மரை ஒன்று, அடுத்த பட்டறையின் மரை இன்னொன்று. துல்லியம் வந்துவிட்டது, பொதுமை வரவில்லை.

2. விட்வொர்த் கண்ட சராசரி

பொதுமையைக் கொண்டுவந்தவர் மாட்ஸ்லியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த். 1803இல் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தபின், இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டினார். ஒவ்வொன்றிலும் மரையின் கோணத்தையும் ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்றுகள் என்பதையும் அளந்து, சராசரி கண்டார். 1841இல் சிவில் பொறியாளர் கழகத்தில் அவர் படித்த கட்டுரை, மரைக் கோணம் 55 பாகை என்றும், கால் அங்குல போல்ட்டிற்கு அங்குலத்திற்கு 20 சுற்று, அரை அங்குலத்திற்கு 12 சுற்று என்றும் வரிசைப்படுத்திச் சொன்னது.

இலக்கண ஆசிரியர்க்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. வழக்கில் உள்ளவற்றைத் திரட்டி, ஒப்பிட்டு, பெரும்பான்மையைக் கண்டு விதியாக்குவது நூற்பா எழுதுவோர் வழி. விட்வொர்த் புதிய மரையைக் கற்பனை செய்யவில்லை. இருந்தவற்றின் நடுவைக் கண்டார். அதனாலேயே ஆங்கிலேயப் பட்டறைகள் அதை எதிர்ப்பின்றி ஏற்றன. இரயில் தண்டவாளம் போன இடமெல்லாம், யூனியன் ஜாக் பறந்த இடமெல்லாம் விட்வொர்த் மரையும் போயிற்று. இந்தியாவிற்கும் அப்படியே வந்தது.

இங்கே ஒரு நுட்பம். விட்வொர்த் ஸ்பேனரில் ‘1/4’ என்று பொறித்திருந்தால், ஸ்பேனரின் வாய் கால் அங்குலம் என்று பொருளில்லை. கால் அங்குலத் தடிமனுள்ள போல்ட்டின் தலையைப் பிடிக்கும் ஸ்பேனர் என்று பொருள். அதன் வாய் உண்மையில் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மில்லிமீட்டர். திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பிரித்தவர்கள் இதன் துன்பத்தை அறிவர். 13 ஸ்பேனர் ஏறாது. 14 ஸ்பேனர் ஏறும், ஆனால் வழுக்கும். நடுவில் நிற்கும் அந்த மூன்று பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் ஒரு பேரரசின் நினைவு நிற்கிறது.

3. செல்லர்ஸும் பால்டிமோர் தீயும்

அமெரிக்காவில் வேறு காற்று. 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் தம் திட்டத்தை முன்வைத்தார். விட்வொர்த் மரையின் உச்சியும் அடியும் வளைவானவை. அவற்றை வெட்டத் தேர்ந்த கைகளும் பலவகை வெட்டுளிகளும் வேண்டும். செல்லர்ஸ் கோணத்தை 60 பாகை ஆக்கினார், உச்சியையும் அடியையும் தட்டையாக்கினார். சாதாரணத் தொழிலாளி ஒருவர் எளிய இயந்திரத்தில் வெட்டிவிடலாம். ஆங்கிலேயர் முறை கைத்திறனை நம்பியது, அமெரிக்கர் முறை ஆள் பற்றாக்குறையை நினைத்துச் செய்யப்பட்டது என்று வேறுபாட்டைச் சுருக்கலாம்.

ஸ்பேனர் வாங்குவோர்க்கு முக்கியமான இன்னொன்றையும் செல்லர்ஸ் செய்தார். நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடைப்பட்ட தொலைவிற்கு வாய்பாடு தந்தார்: போல்ட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு, அதனுடன் அரைக்கால் அங்குலம். கால் அங்குல போல்ட்டிற்கு அரை அங்குல நட்டு. மரைக்கு மட்டுமன்றி மரையைத் திருகும் கருவிக்கும் விதி பிறந்தது. ஒரு தொகுதி ஸ்பேனர் ஊரெங்கும் உள்ள எல்லா இயந்திரத்திற்கும் பொருந்தலாம் என்னும் எண்ணமே இதிலிருந்துதான் வலுப்பெற்றது.

விதி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 1904 பிப்ரவரி 7ஆம் நாள் பால்டிமோர் நகரம் கண்டது. நகரின் நடுவே தீப்பிடித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் இரயிலேறி வந்தன. ஆட்கள் இருந்தனர், வண்டிகள் இருந்தன, தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்களின் மரை பால்டிமோர் நீர்க்குழாயின் மரையோடு பொருந்தவில்லை. முப்பது மணி நேரத்திற்கு மேல் எரிந்த தீயில் சுமார் 1,500 கட்டடங்கள் அழிந்தன. மரை பொருந்துவது பொறியாளரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

4. மோரிஸ் செய்த விந்தை

கார் வந்தபின் கதை வீட்டு வாசலுக்கு வருகிறது. தொடக்க காலக் கார் வைத்திருந்தோர் பழுதையும் தாமே பார்க்க வேண்டியிருந்தது. பட்டறைகள் அரிதாகவும் பாதைகள் மோசமாகவும் இருந்த காலத்தில், காரோடு சேர்த்தே ஒரு கருவிப் பையும் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் கதை சுவையானது. அவருடைய கார்களுக்கு எஞ்சின் செய்து தந்தது கவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் ஆலை. பிரெஞ்சு நிறுவனம். முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி செய்வதற்காக அங்கே நிறுவப்பட்டது. அதன் இயந்திரங்கள் பிரெஞ்சு இயந்திரங்கள், ஆதலால் அவை வெட்டுவது மெட்ரிக் மரை. 1923இல் மோரிஸ் அந்த ஆலையை வாங்கினார். இயந்திரங்களை எல்லாம் மாற்றுவதற்குப் பெரும் செலவாகும். ஆனால் ஆங்கிலேய வாடிக்கையாளரின் வீட்டில் இருப்பது விட்வொர்த் ஸ்பேனர். மோரிஸ் நிறுவனத்தார் கண்ட வழி இதுதான்: உடலில் மெட்ரிக் மரை, தலையில் விட்வொர்த் அளவு. உள்ளே பிரெஞ்சு, வெளியே ஆங்கிலம்! இந்த இரட்டைப் பிறவி போல்ட்டுகள் எம்ஜி கார்களின் எஞ்சின்களில் 1955 வரை தொடர்ந்தன. ஒன்று தொலைந்தால் வேறெங்கும் கிடைக்காத அவற்றைத் தேடி, பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் அலைகிறார்கள்.

நகைப்பிற்கு அப்பால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. வாடிக்கையாளரின் வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்பத் தலையைச் செய்த தயாரிப்பாளர் ஒரு காலத்தில் இருந்தார். காரைத் திறக்கும் உரிமை வாங்கியவருடையது என்பதை அவர் கேள்வியின்றி ஏற்றிருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் 55 பாகையும் 60 பாகையும் நேருக்கு நேர் மோதின. ஆங்கிலேயரின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பேக்கர்டு நிறுவனம் 50,000க்கும் மேல் செய்து தந்தது. அதற்காக ஆங்கிலேய மரைகளை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. நேச நாடுகளின் படைகள் ஒரே களத்தில் நின்று போரிட்டன, ஆனால் ஒருவர் போல்ட் மற்றவர் வண்டிக்கு ஆகவில்லை. உலோகத்தை மிச்சப்படுத்துவதற்காக ஆங்கிலேயர் போர்க்காலத்தில் விட்வொர்த் போல்ட் தலைகளை ஓரளவு சிறிதாக்கினர். அதனால் பழைய ஆங்கில ஸ்பேனர் பலவற்றில் ஒரே வாய்க்கு இரண்டு எண்கள் இருப்பதைக் காணலாம்.

போர் முடிந்து 1948 நவம்பர் 18 அன்று, வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒன்றுபட்ட மரைக்கு உடன்பட்டன. கோணம் 60 பாகை. விட்வொர்த்தின் 55 தோற்றது. ஸ்பேனரின் எண்ணும் பொருள் மாறியது. இனி ‘1/2’ என்றால் நட்டின் முகத்திற்கு முகம் அரை அங்குலம் என்றே பொருள்.

5. அம்பாசிடரும் மாருதியும்

இந்த ஒப்பந்தத்தின் கிளை நம் தெருக்களுக்கு நேராக நீண்டது. 1950களின் இறுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கிய அம்பாசிடர், ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுவடிவம். அதன் 1489 கன செ.மீ. எஞ்சினில் இருந்தவை 1948க்குப் பிந்தைய அங்குல போல்ட்டுகள். ஆகவே அம்பாசிடர் மெக்கானிக்கின் கையில் 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள். அதே காலத்தில் பம்பாயில் உருவான பியட் 1100 (பின்னாளில் பிரீமியர் பத்மினி) இத்தாலிய வழி வந்தது. ஆகவே மெட்ரிக். இந்திய அரசு 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டத்தை இயற்றிய பிறகும், தெருவில் இரண்டு அளவைகளும் பல்லாண்டு அருகருகே ஓடின.

இவை ஒன்றையொன்று ஏமாற்றும் அளவுகள். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் அதில் ஏறிவிடும், இறுகிய போல்ட்டில் அழுத்தினால் மூலைகளைத் தின்றுவிடும். 9/16 என்பது 14.29 மில்லிமீட்டர். 14 ஏறாது, 15 ஆடும். மாறாக 3/4 என்பது 19.05, ஆதலால் 19 ஏறத்தாழப் பொருந்திவிடும். ‘இதற்கு அது போதும்’ என்ற பட்டறைப் பழக்கம் சில அளவுகளில் சரியாகவும் சில அளவுகளில் அழிவாகவும் முடிவதற்குக் காரணம் இந்தப் பின்ன எண்களே.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800இன் முதல் கார் உரிமையாளர் கைக்குப் போயிற்று. அதனோடு ஜப்பானிய மெட்ரிக்கும் நம் இல்லங்களுக்குள் வந்தது. மெட்ரிக்கிலும் சாதி வேறுபாடு உண்டு என்பது பலர் அறியாதது. 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டிற்கு ஐரோப்பியர் வைக்கும் தலை 13. ஜப்பானிய கார் நிறுவனங்கள் சற்றுச் சிறிதாக்கி 12 வைத்தன. 10 மில்லிமீட்டர் போல்ட்டிற்கு ஜெர்மானியப் பழைய முறையில் 17, பின்வந்த ஐஎஸ்ஓ முறையில் 16, ஜப்பானியரிடம் 14. 12 மில்லிமீட்டர் போல்ட்டிற்கு முறையே 19, 18, 17. மாருதியும், கொரிய ஹூண்டாயும் பெரும்பாலும் 10, 12, 14, 17 என்ற வரிசையில் நிற்கின்றன. ஐரோப்பியக் கார்களில் 10, 13, 16, 18 என்ற வரிசை மிகுதி. அம்பாசிடரும் மாருதி 800உம் 2014ஆம் ஆண்டிலேயே உற்பத்தி நின்றுபோயின. எனினும் அவை கற்பித்த எண்கள் மெக்கானிக்குகளின் வாயில் வாழ்கின்றன. பட்டறைச் சிறுவனிடம் “பத்து-பதினொண்ணு எடுடா” என்று குரல் வரும்போது, அவன் பையைப் பார்க்காமலே எடுத்து நீட்டுகிறான்.

6. வடிவத்தின் தருக்கம்

எண்ணுக்கு அடுத்தது வடிவம். நம் கடைகளில் ‘பிக்ஸ் ஸ்பேனர்’ என்று கேட்டால் இருபுறமும் திறந்த வாயுள்ளது வரும். அதன் வாய் தண்டிற்கு நேராக இராது, 15 பாகை சாய்ந்திருக்கும். செய்தவரின் பிழையென்று எண்ண வேண்டா. அறுகோண நட்டு 60 பாகைக்கு ஒருமுறை தன் பழைய தோற்றத்திற்குத் திரும்பும். இடுக்கான இடத்தில் 60 பாகை திருப்ப வழியில்லை. 15 பாகை சாய்வுள்ள ஸ்பேனரை ஒருமுறை திருப்பி, பின் குப்புறக் கவிழ்த்துப் பிடித்தால், 30 பாகை இடமே போதும். யாரோ பெயர் தெரியாத கொல்லர் கண்ட இந்தச் சிறு சாய்வு, எத்தனையோ விரல்களைக் காத்திருக்கிறது.

‘ரிங் ஸ்பேனர்’ நட்டின் ஆறு மூலைகளையும் சூழ்ந்து பிடிக்கும். திறந்த வாய் இரண்டு மூலைகளை மட்டுமே அழுத்தும். ஆகவே இறுகியதைத் தளர்த்துவதற்கு ரிங், தளர்ந்ததை விரைந்து கழற்றுவதற்கு பிக்ஸ் என்பது பட்டறை முறை. ஒரு முனையில் ரிங்கும் மறுமுனையில் திறந்த வாயுமாக, இரண்டும் ஒரே அளவில் அமைந்தது ‘காம்பினேஷன்’. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பிளாம்ப் நிறுவனம் 1933இல் இவ்வகையைச் சந்தையில் பரப்பியது. அதற்கு முன்பே, 1920இல், மில்வாக்கியில் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம் ஐந்து பிடிகளையும் பத்து சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஐம்பது கருவிகளின் வேலையை வாங்கலாம் என்று காட்டியது. ‘செட்’ என்னும் கருத்து முழுமை பெற்றது அங்கேதான். சுவீடனின் என்செப்பிங் நகரத்து யொஹான் பெட்டர் யொஹான்சன் 1890களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற, திருகித் திருகி வாயை மாற்றும் ஸ்பேனரோ ஒன்றே எல்லாம் என்னும் அத்வைதம். குழாய் வேலைக்கு அது நன்று. காருக்கு அதன் அசையும் தாடை நம்பத்தக்கதன்று.

நீளத்திற்கும் காரணம் உண்டு. முறுக்கு விசை என்பது கையின் இழுப்பையும் தண்டின் நீளத்தையும் பெருக்கி வருவது. 8 மில்லிமீட்டர் சாதாரண வலிமை போல்ட் ஒன்றிற்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் போதும். 16 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரில் அது சுமார் 16 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு. நடுத்தர உடலுடையவர் கையை ஊன்றி இழுக்கும் அளவுதான். அளவு சிறுக்கச் சிறுக்க ஸ்பேனர் குட்டையாவது, மரை கழலாமல் காக்கும் ஏற்பாடு. ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி இழுப்பவர், அந்த ஏற்பாட்டை மீறுகிறார். நாம் தொடக்கத்தில் சொன்ன உருவகம் அப்போது உண்மையாகிறது.

இனி உலோகம். குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகைச் சூடாக்கி, அச்சில் வைத்து அடித்து வடித்து, பின் பதமிட்டால் நல்ல ஸ்பேனர். மலிவான தொகுதிகளிலும் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருக்கும். ஆனால் எழுத்து பதமிடாது. பதம் குறைந்த ஸ்பேனரின் வாய் அழுத்தத்தில் விரியும். விரிந்த வாய் போல்ட்டின் மூலையை உருட்டிவிடும். தேய்ந்த போல்ட் பிரேக்கில் இருந்தால், நேர்வது பண நட்டம் மட்டும் அன்று.

7. யாருடைய ஆயுள்?

‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்ற சொற்றொடரைக் கருவிப் பெட்டிகளில் காண்கிறோம். இதைப் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1927இல் தொடங்கிய கிராஃப்ட்ஸ்மேன் வரிசை. உடைந்த ஸ்பேனரைக் கடையில் கொடுத்தால், கேள்வியின்றிப் புதியது தந்தார்கள். எளிய குடும்பங்களில் தந்தையின் பெட்டி மகனுக்கு வந்தது. 2017இல் சியர்ஸ் அப்பெயரை வேறு நிறுவனத்திற்கு விற்றது. 2018இல் சியர்ஸே திவால் மனு அளித்தது. ஸ்பேனர் இன்னும் உடையவில்லை, உத்தரவாதம் கொடுத்தவர் உடைந்துவிட்டார். ஆயுட்காலம் என்றால் யாருடைய ஆயுள் என்று கேட்டு வாங்குவது நன்று.

அதே நிறுவனத்தின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கார்ட்னர் ஊரில், சியர்ஸ் கடையில் எழுத்தராக இருந்த பீட்டர் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர், ஒரு பொத்தானை அழுத்தினால் சாக்கெட் கழன்றுவிடும் ரேட்செட்டை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். எண்ணெய் படிந்த கையோடு சாக்கெட்டைப் பிடுங்கிப் போராடியவர்க்கு அது வரம். நிறுவனம் அதன் உரிமையை அவரிடமிருந்து 10,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. பல கோடி டாலர் ஈட்டித் தந்த கண்டுபிடிப்பு அது. உண்மை மதிப்பு தம்மிடம் மறைக்கப்பட்டது என்று ராபர்ட்ஸ் 1969இல் வழக்குத் தொடுத்தார். இருபது ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்து, 1989இல் 82 இலட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. இன்று எந்த சாக்கெட் பெட்டியிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தும் போது அந்த எழுத்தரை ஒருமுறை நினைத்தல் தகும்.

8. ஆகவே, எதை வாங்குவது?

இவ்வளவும் சொன்னபின் நண்பருக்கு நாம் தரும் விடை சுருக்கமானது.

முதலில் காரை அறிக. ஜப்பானிய, கொரிய மரபில் வந்த கார் என்றால் 8, 10, 12, 14, 17, 19 இன்றியமையாதவை. ஐரோப்பிய மரபு என்றால் 13, 16, 18 சேரும். இரண்டுக்கும் சேர்த்து 8 முதல் 19 வரை ஒரு வரிசை போதும். பழைய அம்பாசிடரோ புல்லட்டோ இருந்தால் மட்டும் அங்குலத் தொகுதியைத் தேடுக.

இரண்டாவது, துண்டுகளின் எண்ணிக்கையை மதிப்பென்று கொள்ளற்க. நூற்றெட்டுத் துண்டுப் பெட்டியில் பெரும்பகுதி திருப்புளி முனைகளும் சிறு சாக்கெட்டுகளுமே. நம் நாட்டு வழக்கத்தில் இருமுனை ஸ்பேனர் தொகுதி 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என எட்டு துண்டுகள். இதில் ஒவ்வோர் அளவும் ஒருமுறையே வரும் என்பதைக் கவனிக்க. போல்ட்டின் தலையும் நட்டும் 12 ஆக இருந்தால், ஒன்றைப் பிடித்து மற்றதைத் திருக இரண்டு 12 வேண்டும். ஆதலால் பதினாறு துண்டு வாங்குவதென்றால் எட்டு பிக்ஸும் எட்டு ரிங்கும் வாங்குவது சிறந்தது. வரிசை இரட்டிப்பாகிறது, வேலைப் பிரிவினையும் கிடைக்கிறது. அதன்பின் பணம் மிஞ்சினால், ஆறுமுக சாக்கெட்டுகளும் அரை அங்குல ரேட்செட்டும். பன்னிருமுகச் சாக்கெட் எளிதில் ஏறும், ஆனால் பழைய துருப்பிடித்த போல்ட்டில் ஆறுமுகமே பிடிக்கும். முருகனடியார்கள் இதைப் பிழையாகக் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பெயரே தரம் என்ற மயக்கம் வேண்டா. நாசிக்கில் டபாரியா நிறுவனம் 1969 முதல் சுவீடன் நாட்டு ஒத்துழைப்போடு தொடங்கிச் செய்துவரும் கருவிகள் நம் மெக்கானிக்குகளின் அன்றாடத் துணை. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் உலக நாடுகளுக்குக் கைக்கருவி ஏற்றுமதி செய்யும் ஊர்கள். திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2028, ரிங்குக்கு ஐஎஸ் 2029 என்று இந்தியத் தரநிலைகள் உண்டு. பெட்டியில் அந்த எண்ணைத் தேடுக. கடையில் புதிய போல்ட் ஒன்றின் தலையில் வைத்துப் பார்த்து, ஆடுகிறதா என்று காண்க. பளபளப்பைவிட அந்த ஆட்டம் உண்மை பேசும். ஸ்பேனர் உருவில் உள்ள பழைய, பெயர் பெற்ற கருவிகள் பழைய இரும்புக் கடையில் கிடைத்தால், வாய் விரியாதிருந்தால் தயங்காமல் வாங்குக. எஃகு முதுமையடைவதில்லை.

நான்காவது, காருக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாது தாங்கு கட்டை வைக்க. பிரேக்கிலும் சக்கரத்திலும் கைவைத்தால், கையேடு சொல்லும் முறுக்கு விசையை டார்க் ரெஞ்ச் கொண்டு சரிபார்க்க. ஸ்பேனர் தொகுதியில் மிச்சம் பிடித்த பணத்திற்கு இவையே தக்க செலவு.

9. திறக்கும் உரிமை

விட்வொர்த்திலிருந்து ஐஎஸ்ஓ வரை நடந்த பயணத்தின் திசை ஒன்றே: யாருடைய போல்ட்டும் யாருடைய ஸ்பேனருக்கும் வசப்பட வேண்டும். அண்மைக் காலத்தில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினியின் மின்கலத்தைப் பிணிக்க ஐந்து இதழ் கொண்ட புதுவகைத் திருகாணியைக் கொண்டுவந்தது. பொதுக்கடையில் அதற்குரிய திருப்புளி அப்போது இல்லை. பொருளை வாங்கியவர் அதைத் திறக்கலாகாது என்பதை ஒரு திருகாணியின் தலையே சொல்லிவிடுகிறது. கார்களிலும் மென்பொருள் பூட்டு வந்துவிட்டது. மோரிஸ் தம் வாடிக்கையாளரின் ஸ்பேனருக்காகப் போல்ட்டை மாற்றினார். இன்று வாடிக்கையாளரின் ஸ்பேனருக்கு எதிராகப் போல்ட் மாற்றப்படுகிறது.

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டுப் பொருள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனமும் அதன் எல்லைக்குள் வந்தது. சட்டம் எப்படி வடிவெடுப்பினும், அந்த உரிமையைச் செலுத்தக் கையில் கருவி வேண்டும், கருவியை அறிந்த கை வேண்டும். எட்டு பிக்ஸ், எட்டு ரிங். அவற்றோடு கார் நிறுவனம் தந்த கையேடு. வாங்கிய அன்றே 10ஐ மட்டும் இன்னொன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்க. முதலில் தொலைவது அதுதான்.